நெரிசலான கிரிட்டில் ஹைட்ரஜன் ஆலைக்கு இணைப்பு வாங்குவது எப்படி

ஹைட்ரஜன் ஆலைகளுக்கு மின் இணைப்பு வாங்கித் தருவது என் பிழைப்பு. ஆலையைக் கட்டுகிறவர்கள் வேறு, கிரிட்டை, அதாவது மின் கட்டமைப்பை, ஓட்டுகிறவர்கள் வேறு. இரண்டு பேருக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான்.

என் முதல் விண்ணப்பம் நன்றாக நினைவிருக்கிறது. தேவை 24 மெகாவாட், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்று எழுதிக் கொடுத்தேன். புதிய லைன் போட்ட பிறகுதான் தர முடியும், அதுவரை வரிசையில் நில்லுங்கள் என்று பதில் வந்தது. அந்த வரிசை பல வருட நீளம். சோர்ந்துபோய் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தபோது, ஷிஃப்டில் இருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, எவ்வளவு வேணும்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவை, எப்ப விட்டுக் கொடுப்பீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே?"

அன்றிலிருந்து நான் எழுதும் எந்த விண்ணப்பத்திலும் ஒற்றை எண் கிடையாது. எப்போது எவ்வளவு எடுப்போம், எப்போது எவ்வளவு விடுவோம் என்ற ஒரு வடிவத்தைத்தான் கேட்கிறேன். அதைத் தயாரிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: இடுக்கின் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

"கிரிட்டில் நெரிசல்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் நெரிசலுக்குத் திசை உண்டு. ஒரு பக்கம் உற்பத்தி குவிந்து கிடக்கும், மறுபக்கம் தேவை குவிந்து கிடக்கும், நடுவே லைன் போதாது; அந்த இடம்தான் இடுக்கு. உற்பத்தி மிஞ்சும் பக்கத்தில் எலக்ட்ரோலைசரை (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சாதனம்) வைத்தால் அது மருந்து. தேவை மிஞ்சும் பக்கத்தில் வைத்தால் அதே மெகாவாட் விஷம்.

ஜெர்மனியில் காற்றாலைகள் வடக்கே, பெரிய ஆலைகள் தெற்கே. லைன் தாங்காதபோது வடக்கே காற்றாலையைக் குறைக்கச் சொல்லி, தெற்கே வேறு நிலையத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். இதற்கு ரீடிஸ்பேட்ச் என்று பெயர். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே பி6 என்று அழைக்கப்படும் இடுக்கிலும் இதே கதை. காற்று நன்றாக அடிக்கும் நாளில் ஸ்காட்லாந்துக் காற்றாலைகளுக்குப் பணம் கொடுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். இந்த இடங்களில் இடுக்குக்கு வடக்கே வைக்கும் எலக்ட்ரோலைசர் உதவி, தெற்கே வைப்பது தொல்லை.

இது புதிய ஞானமும் இல்லை. நார்வேயின் ரியுக்கானில் 1911-லேயே வேமோர்க் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. 1920-களின் இறுதியில் ஹைட்ரஜன் தயாரிக்கும் மின்னாற்பகுப்பு ஆலையை அதன் பக்கத்திலேயே கட்டினார்கள். அருவியைத் தேடி ஆலை போனது. இன்றைக்கு நாம் ஹைட்ரஜன் வாங்குகிறவர் வாசலில் ஆலையைக் கட்டிவிட்டு, மின்சாரம் அங்கே வரவேண்டும் என்று அடம் பிடிக்கிறோம்.

ஆகவே நிலம் வாங்குவதற்கு முன் கிரிட் நிறுவனத்தின் கொள்ளளவு வரைபடத்தைப் பாருங்கள். பல நாடுகளில் அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் எடுப்பதற்கான வரைபடமும் கொடுப்பதற்கான வரைபடமும் தனித்தனி. நாம் பார்க்க வேண்டியது எடுப்பதற்கான வரைபடம். சூரியமின் திட்டக்காரர்கள் பார்க்கும் மற்றதைப் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

அடுத்து, நெரிசலை மணிக்கணக்கில் பாருங்கள்

வரைபடத்தில் ஒரு சப்ஸ்டேஷன் சிவப்பாக இருந்தால் வருடம் முழுக்க அங்கே இடமில்லை என்று பொருள் அல்ல. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் எத்தனை மணி நேரம் உண்மையில் முட்டுகிறது என்பதுதான் கேள்வி. அந்த சப்ஸ்டேஷனின் மணிவாரி லோடு விவரம் ஒரு வருடத்துக்குக் கேளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் எல்லையிலிருந்து லோடைக் கழியுங்கள். மீதியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். வரும் வளைகோட்டில் உங்கள் மெகாவாட்டை ஒரு கிடைக்கோடாகப் போட்டால், எத்தனை மணி நேரம் நீங்கள் ஒதுங்க வேண்டும் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த எல்லையும் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் என்-1 விதிதான். இரண்டு லைன் இருந்தால், ஒன்று போனாலும் மற்றது முழு லோடையும் தாங்க வேண்டும். அதனால் சாதாரண நாளில் இரண்டு லைனும் பாதி காலியாகத்தான் ஓடுகின்றன. அந்தக் காலியிடத்தை, "லைன் போன நொடியே நான் இறங்கிவிடுகிறேன்" என்று உறுதி கொடுக்கிறவருக்குத் திறந்துவிடலாம். கம்பி உடனே உருகிவிடாது. மேல்நிலை லைன் சூடேற நிமிடங்கள் ஆகும், டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சூடேற மணிக்கணக்கு ஆகும். எலக்ட்ரோலைசரோ நொடிகளில் லோடைக் குறைக்கக்கூடியது. இந்தப் பொருத்தம்தான் நம் கையில் இருக்கும் பெரிய சீட்டு.

ஒரு எச்சரிக்கை: தடையாக நிற்பது சில இடங்களில் வெப்ப எல்லை இல்லை, வோல்டேஜ். அங்கே கதை வேறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஆலையை நீங்கள் அறிவீர்களா?

விண்ணப்பம் எழுதும் முன் எலக்ட்ரோலைசர் விற்பவரிடம் உட்கார்ந்து சில விஷயங்களைப் பிடுங்க வேண்டும். பிரசுரத்தில் இருப்பது போதாது.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றல், கீழ்க்கணக்கில் (எரியும்போது வரும் நீராவியின் வெப்பத்தைச் சேர்க்காமல்) 33.3 கிலோவாட்-மணி. அதைத் தயாரிக்க ஆகும் மின்சாரமோ 50 முதல் 55 கிலோவாட்-மணி. 20 மெகாவாட் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 380 கிலோ வரும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். நழுவிப்போவது அடுத்தது: ஸ்டாக், அதாவது எலக்ட்ரோலைசருக்குள் அடுக்கிய செல் தொகுதி, கிழடாகும். வயது ஏற ஏற செல் வோல்டேஜ் ஏறும். அதே ஹைட்ரஜனைத் தர, ஆயுளின் கடைசியில் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் மின்சாரம் கேட்கும். புது ஸ்டாக்கின் எண்ணை வைத்து இணைப்பு வாங்கினால், சில வருடம் கழித்து உங்கள் ஆலை தானாகவே சிறுத்துப்போகும்.

நான் போடும் கணக்கு இப்படி: ஸ்டாக் 20, முதுமைக்கு 2, கம்ப்ரஸர், குளிரூட்டும் பம்ப், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2. ஆக 24 மெகாவாட். பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.9 என்றால் 26.7 எம்விஏ (மெகாவோல்ட்-ஆம்பியர்). டிரான்ஸ்பார்மர் அதற்கு மேல் இருக்க வேண்டும். பெரிய டிரான்ஸ்பார்மர் கைக்கு வர இப்போதெல்லாம் வருடக்கணக்கில் ஆகிறது. ஆர்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்து, குறைந்தபட்ச லோடு. ஆல்கலைன் (காரக் கரைசலில் ஓடும்) எலக்ட்ரோலைசரை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஹைட்ரஜன் கொஞ்சம் எப்போதும் தடுப்பைத் தாண்டி ஆக்சிஜன் பக்கம் கசியும். லோடைக் குறைத்தால் ஆக்சிஜன் உற்பத்தி குறைகிறது, கசிவோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எனவே ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் பங்கு ஏறுகிறது. 4 சதவீதத்தில் தீப்பிடிக்கும் எல்லை. அதற்கு வெகு முன்னே, 2 சதவீதத்தை ஒட்டி, ஆலை ட்ரிப் ஆகிவிடும். அதனால் பழைய ஆல்கலைன் வகைகளில் 20, 30 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. பிஇஎம் வகை (தடுப்பாகப் பாலிமர் சவ்வு வைத்தது) இதைவிடக் கீழே போகும், ஏற்ற இறக்கமும் நொடிகளில் முடியும். ஆறிப்போன ஆல்கலைன் ஆலையை மறுபடி எழுப்ப அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

"எங்களுடையது முழுக்க நெகிழ்வானது" என்று விற்பவர் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். சூடாக இருக்கும்போது முழு லோடிலிருந்து குறைந்தபட்சத்துக்கு எத்தனை நொடி? ஆறிய நிலையிலிருந்து முழு லோடுக்கு எவ்வளவு நேரம்? ஆண்டுக்கு எத்தனை முறை முழுதாக நிறுத்தி ஓட்டலாம், வாரண்டி கெடாமல்? நின்றிருக்கும்போது சூடு காக்கவும் பாதுகாப்புக்கும் எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நான்கிற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் முகம் மாறும்.

விண்ணப்பத்தை இரண்டாக வெட்டுங்கள்

இப்போது 24 மெகாவாட்டைப் பிரிக்கலாம். நைட்ரஜனால் குழாய்களைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு, காற்றோட்டம், கேஸ் டிடெக்டர், கண்ட்ரோல், குளிரூட்டும் பம்ப், சூடு காக்கும் ஹீட்டர் ஆகியவை எந்த நேரத்திலும் போகக்கூடாது. 20 மெகாவாட் ஆலைக்கு இது ஒன்று, ஒன்றரை மெகாவாட்டுக்குள் அடங்கும். இதை உறுதியான இணைப்பாகக் கேளுங்கள். மீதியை, கேட்டால் விடுவேன் என்ற நெகிழ்வான இணைப்பாகக் கேளுங்கள். ஒன்றரை மெகாவாட்டுக்கு நெரிசலான சப்ஸ்டேஷனிலும் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். 24-க்குக் கிடைக்காது.

இப்படிக் கேட்க இப்போது சட்டமும் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1711 எண் கொண்ட நெறிமுறை, இடம் போதாத பகுதிகளில் நெகிழ்வான இணைப்பு ஒப்பந்தங்கள் தருவதற்கான விதிகளை வகுக்கச் சொல்கிறது. நெதர்லாந்தில் ஆண்டின் 85 சதவீத மணி நேரத்துக்கு மட்டும் உத்தரவாதம் தரும் ஒப்பந்தம் இருக்கிறது. கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8,760-ல் 85 சதவீதம் 7,446 மணி. விடுவது 1,314 மணி. காற்று, சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பும் ஆலை வருடத்துக்கு 4,000, 5,000 மணி ஓடினாலே பெரிது. மின்சாரம் விலையேறிய மணிகளில் நீங்களே நிறுத்திவைத்திருப்பீர்கள். கிரிட் நிறுத்தச் சொல்லும் மணியும் நீங்களாகவே நிறுத்தும் மணியும் எவ்வளவு தூரம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்த்தால், உண்மையான இழப்பு 1,314-ஐவிட வெகு குறைவாக இருக்கலாம். முழுதும் விழும் என்றும் நம்பிவிடாதீர்கள். இரண்டு மணிவாரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

காற்றாலையோ சூரியமின் நிலையமோ ஏற்கெனவே வைத்திருக்கும் இணைப்புக்குப் பின்னால் எலக்ட்ரோலைசரை வைப்பது இன்னொரு வழி. அந்த இணைப்பு பல மணி நேரம் சும்மா கிடக்கிறது. ஆனால் அது மின்சாரம் கொடுப்பதற்காக வாங்கிய இணைப்பு. எடுப்பதற்கு உரிமை எவ்வளவு என்று பழைய ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிக்க மட்டும் போதுமான உரிமைதான் அதில் இருக்கும், பல சமயம்.

விட்டுக் கொடுத்த மணிகளில் ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்?

இந்தக் கணக்கில்தான் கனவுகள் உடையும். வாங்குகிறவர் மணிக்கு 300 கிலோ சீராக வேண்டும் என்கிறார். உங்கள் உற்பத்தி 380. மாலை உச்ச நேரத்தில் 4 மணி நேரம் முழுதாக நிறுத்தினால், கிடங்கிலிருந்து 1,200 கிலோ போகும். மறுபடி நிரப்பக் கிடைப்பது மணிக்கு 80 கிலோ. நிரம்ப 15 மணி நேரம். இருப்பது 20 மணி நேரம், சமாளிக்கலாம். காலையிலும் ஒரு 4 மணி நேரம் நிறுத்தச் சொன்னால்? ஓடுவது 16 மணி, உற்பத்தி 6,080 கிலோ, தேவை 7,200. எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் இது நிரம்பாது. வேண்டியது பெரிய எலக்ட்ரோலைசர், அல்லது ஏற்ற இறக்கத்துக்கு இணங்கும் வாடிக்கையாளர். கிடங்கைப் பெரிதாக்கினால் எல்லாம் தீரும் என்கிறவர்களிடம் இந்த நான்கு வரிக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி, தொடர்ந்து எத்தனை மணி, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு இடைவெளி என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இத்தனை மணி என்ற ஒற்றை எண் உங்களைக் காப்பாற்றாது.

வோல்டேஜும் ஹார்மோனிக்ஸும்

எலக்ட்ரோலைசருக்கு டிசி வேண்டும். கிரிட்டின் ஏசியை டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர்; பெரிய ஆலைகளில் தைரிஸ்டர் (ஒரு வகை மின்னணு ஸ்விட்ச்) வைத்த ரெக்டிஃபையர்தான் பழக்கம். உறுதியானது, விலை குறைவு, ஆனால் கிரிட்டுக்கு அழுக்கை, அதாவது ஹார்மோனிக்ஸ் என்ற மடங்கு அதிர்வெண் மின்னோட்டங்களை, திருப்பி அனுப்பும். 6-பல்ஸ் ரெக்டிஃபையர் 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக்ஸைத் தரும். ஸ்டார், டெல்டா என்று இரண்டு சுற்று வைத்த டிரான்ஸ்பார்மரோடு 12-பல்ஸ் ஆக்கினால் 5-உம் 7-உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். காகிதத்தில் மறையும் என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்து ஸ்டாக்கைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் இரண்டு பக்க லோடும் சமமாக இல்லை, மறைந்த 5-உம் 7-உம் திரும்பி வந்து நிற்கும். அதனால் ஆய்வு அறிக்கையில் "ஒரு ஸ்டாக் வெளியே" என்ற நிலையையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நானாகக் கேட்காமல் யாரும் இதைச் செய்து தந்ததில்லை.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்யவும் ஹார்மோனிக்ஸை வடிக்கவும் கெபாசிட்டர் அடங்கிய ஃபில்டர் வைப்பார்கள். முழு லோடில் அது நல்ல பிள்ளை. கிரிட் சொன்னபடி நொடியில் லோடை இறக்குகிறீர்கள், ஃபில்டரோ அப்படியே இணைந்து நிற்கிறது. சப்ஸ்டேஷன் வோல்டேஜ் எகிறும். லோடு குறைந்த நடு இரவில் இன்னும் மோசம். நெரிசல் வோல்டேஜால் வரும் இடங்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பம் திரும்பிவிடும். ஃபில்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, லோடோடு சேர்ந்து விலகும்படி செய்ய வேண்டும். ஐஜிபிடி (வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்த ரெக்டிஃபையர் வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை, விலை கூடுதல். பலவீனமான கிரிட்டில் அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துவிடுவது லாபம் என்பது என் அபிப்பிராயம்.

150 மில்லிசெகண்ட்

ஒரு ஆலையில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை எல்லாம் நின்றுவிடும். எங்கோ தொலைவில் லைனில் மின்னல், வோல்டேஜ் 150 மில்லிசெகண்ட் நேரம் சரிந்து திரும்பும், அவ்வளவுதான். ஆனால் 20 மெகாவாட்டும் ஒரே அடியாகக் கீழே போகும். ரெக்டிஃபையர்காரர் மேல் பழி, அவர் கிரிட் மேல் பழி. கடைசியில் பதிவுகளை மில்லிசெகண்ட் கணக்கில் அடுக்கிப் பார்த்தோம். ரெக்டிஃபையர் சரிவைத் தாங்கி நின்றிருக்கிறது. விழுந்தது குளிரூட்டும் தண்ணீர் பம்பின் காண்டாக்டர் (மின்காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஸ்விட்ச்). அதன் ஏசி காயில் சரிவில் பிடியை விட்டிருக்கிறது. பம்ப் நின்றது, தண்ணீர் ஓட்டம் குறைவு என்று சென்சார் சொன்னது, பிஎல்சி (ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினி) நேர்மையாக ஸ்டாக்கை ட்ரிப் செய்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு காயில்!

காண்டாக்டர்களுக்கு யுபிஎஸ்ஸிலிருந்து கண்ட்ரோல் சப்ளை கொடுத்தோம். ஸ்டாக் விற்றவரிடம் ஒப்புதல் வாங்கி, ஓட்டம் குறைந்தால் ட்ரிப் ஆவதற்குச் சில நொடித் தாமதம் வைத்தோம். அதன்பின் அந்தக் காரணத்துக்காக ஆலை நிற்கவில்லை. கிரிட்காரர்கள் சரிவைத் தாங்குவதற்கு ஆதாரம் கேட்கும்போது ரெக்டிஃபையரின் சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். துணைச் சாதனங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிசெகண்ட் தாங்கும் என்று எழுதுங்கள்.

குறைக்கச் சொல்லும் சிக்னல்

நெகிழ்வான இணைப்பின் உயிர் இந்த சிக்னலில் இருக்கிறது. கிரிட் மையம் "8 மெகாவாட்டுக்கு இறங்கு" என்று அனுப்பும். அளவு ஆலையின் செட்பாயிண்டில் (நாம் வைக்கும் இலக்கில்) அல்ல, இணைப்பு மீட்டரில் பார்க்கப்படும். கம்ப்ரஸரும் பம்பும் அந்த 8-க்குள் அடக்கம். இதை மறந்து ஸ்டாக்குக்கே 8 கொடுத்தால், முதல் நாளே மீறல்.

சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பேசி முடியுங்கள். வழக்கமான ஏற்பாடு, தொடர்பு போனால் ஆலை தானாக உறுதி இணைப்பின் அளவுக்கு இறங்குவது. நியாயம்தான். ஆனால் மோடம் ஒரு நொடி தும்மினாலும் இறங்க வேண்டுமா? சில நிமிடப் பொறுமைக்குப் பேரம் பேசுங்கள், இரண்டாவது தொடர்பு வழியும் வையுங்கள். லைன் போனால் உடனே வெட்டும் ட்ரிப் சிக்னல் மட்டும் தனி. அதற்குப் பொறுமை கிடையாது. அங்கேயும் பிரேக்கரைத் திறப்பதற்கு (இணைப்பையே வெட்டுவதற்கு) பதில் ரெக்டிஃபையரை வேகமாகக் குறைந்தபட்ச லோடுக்கு இறக்குவதாக எழுதிக் கொடுங்கள், கிரிட் வைக்கும் வரம்பு அதற்கு இடம் தந்தால். பிரேக்கர் திறந்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் பக்கங்களின் அழுத்தச் சமன் தடுமாறும், நைட்ரஜன் சுத்தம் தொடங்கும், அன்றைய உற்பத்தி போனது. பிரேக்கர் இரண்டாவது தற்காப்பாக இருக்கட்டும்: குறிப்பிட்ட நொடிக்குள் லோடு இறங்காவிட்டால் திறக்கட்டும்.

விட்டுக் கொடுப்பதற்கு விலை கேளுங்கள்

நெகிழ்வாக இருப்பதை இலவசமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். குறைந்த கட்டணமோ முன்கூட்டிய இணைப்போ, ஏதாவது ஒன்று திரும்ப வர வேண்டும். இடுக்கின் நல்ல பக்கத்தில் இருந்தால் எதிர்த்திசையிலும் காசு உண்டு. ஜெர்மனியின் மின்சாரச் சட்டத்தில் 13கே பிரிவு, வெட்டிப் போட இருந்த காற்று மின்சாரத்தைக் கூடுதல் லோடுகள் பயன்படுத்த வழி செய்கிறது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவில் விற்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஹைட்ரஜனைப் பசுமை என்று கணக்கில் காட்ட 2023/1184 எண் கொண்ட விதி இருக்கிறது. பசுமை மின்சாரம் உற்பத்தியாகும் நேரமும் ஹைட்ரஜன் தயாரிக்கும் நேரமும் 2029 இறுதி வரை மாதக் கணக்கில் பொருந்தினால் போதும், 2030 முதல் மணிக் கணக்கில் பொருந்த வேண்டும். அதே விதியில், ரீடிஸ்பேட்சில் காற்றாலையைக் குறைக்கும் தேவையை உங்கள் ஆலை தணித்த நேரத்தில் எடுத்த மின்சாரமும் முழுப் பசுமையாக எண்ணப்படும். அதற்குக் கிரிட் நிறுவனத்தின் சான்று வேண்டும். இணைப்பு ஒப்பந்தம் போடும்போதே அந்தச் சான்றை யார், எந்த வடிவில் தருவார் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றே தெரியாது.

சோதனை ஓட்டம்

கடைசியில் ஒரு நாள் ஆலையை முழு லோடுக்கு ஏற்றி, கிரிட் மையத்திலிருந்து உண்மையான சிக்னலை அனுப்பச் சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் அல்ல. முழு லோடிலிருந்து இறக்கம், பாதி லோடிலிருந்து இறக்கம், தொடர்புக் கம்பியைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது, ஒரு ஸ்டாக்கை வெளியே வைத்து ஹார்மோனிக்ஸ் அளப்பது. இணைப்பு முனையில் நல்ல ரெக்கார்டர் ஒன்றை உங்கள் செலவில் மாட்டி, ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். ஆலை வருவதற்கு முன்னும் ஒரு வாரம் அதே இடத்தில் அளந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கிரிட்டில் முன்பே இருந்த 5-ஆம் ஹார்மோனிக்கை உங்கள் தலையில் கட்டும் நாள் வரும். அன்று அந்தப் பழைய பதிவை எடுத்து மேசையில் வைக்கலாம்.